ஆடியில் இரண்டு அமாவாசை

கோப்புகள் ஏன் நிலுவையில் இருக்கின்றன என்று விளக்கம் கேட்டு அவருக்கு ஒரு குறிப்பாணை கொடுத்தேன். மூன்று நாளில் பதில் வர வேண்டும். மூன்றாம் நாள் மாலை வந்தது. நிலுவை என்பது 'நில்' என்ற வேரிலிருந்து பிறந்தது, தன் வீட்டில் பேசும் கன்னடத்திலும் அதே வேர்தான், ஆகவே இது இரண்டு மாநிலத்துக்கும் பொதுவான நிலைமை என்று முதல் பத்தியில் எழுதியிருந்தார். இரண்டாவது பத்தியில் மன்னிப்புக் கேட்டிருந்தார். என் முப்பத்தாறு ஆண்டுப் பணியில் எத்தனையோ விளக்கங்களைப் படித்திருக்கிறேன். கிண்டலா, வெகுளித்தனமா என்று என்னால் தீர்மானிக்க முடியாமல் போனது அது ஒன்றுதான். ஓரத்தில் 'பார்வையிடப்பட்டது' என்று எழுதி மூடினேன். தீர்மானிக்க முடியாதவற்றை மூடுவதற்கென்றே அரசு வைத்திருக்கும் சொல் அது.

அவருடைய பெயர் வேண்டாம். எந்த வட்டாட்சியர் அலுவலகம் என்பதும் வேண்டாம். நான் ஓய்வூதியம் வாங்குகிறவன். தருமபுரி மாவட்டத்தின் கிழக்கே, மலையைப் பார்த்தபடி இருக்கும் ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே தலைமையிடத்துத் துணை வட்டாட்சியர். அவர் சான்றிதழ்ப் பிரிவில் உதவியாளர். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, பேனாக்களுக்குப் பின்னால் மடித்துச் செருகிய பழைய தபால் உறைகள். உறைகளின் வெற்றுப் பக்கத்தில் சொற்களை எழுதி வைத்திருப்பார். உட்கார்ந்து வேலை செய்து நான் பார்த்ததில்லை. நாற்காலியில் கோப்புகள் உட்கார்ந்திருக்கும். அவர் மேசையைச் சுற்றிச் சுற்றி வருவார்.

ஒரு சொல் எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று தெரியாமல் அதைக் கையால் எழுத அவருக்கு மனம் வராது. வருடாந்தர வருவாய்க் கணக்குத் தணிக்கையான ஜமாபந்திக்கு மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் வந்து இறங்கும் நேரத்தில் என் அறைக்குள் வந்து, கணக்கு ஆண்டைப் பசலி என்கிறோமே, அதற்கு அறுவடை என்று பொருளாம், நாம் வருடத்தை அறுவடையால் எண்ணுகிறோம், தெரியுமா என்று கேட்டவர். பந்தல் போட்டாயிற்றா என்று நான் கேட்டேன். போட்டாயிற்று என்றார். பந்தலுக்கு வேர் தேடாமல் இருந்ததே பெரிய விஷயம்.

வாரிசுச் சான்று கேட்டு வந்த ஒரு பெரியவரை நிற்க வைத்து, வாரிசு என்பது அரபியிலிருந்து வந்த சொல் என்று விளக்கியிருக்கிறார். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது எங்கிருந்து வந்தா என்னங்க, எனக்கு எப்ப வரும்?" என்றார். அலுவலகமே சிரித்தது. அவரும் சிரித்தார். அன்று மாலையே அந்தச் சான்று போய்விட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஜீப் ஓட்டுநர் அவருக்கு வைத்த பெயர் குச்சிக்கெழங்கு. எங்கள் பக்கம் மரவள்ளியை அப்படித்தான் சொல்வார்கள். தோண்டிக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர். இது காதில் விழுந்தபோது அவருக்குக் கோபம் வரவில்லை. என்னிடம் மட்டும் ஒரு காரணம் சொன்னார். "எங்க வூட்ல கன்னடமுங்க சார். தமிழ் எனக்கு ஆறு வயசுல பள்ளிக்கூடத்துல வந்தது. நீங்க எல்லாம் பொறந்தப்பவே அந்த வார்த்தைங்களோட இருக்கீங்க. எனக்கு ஒவ்வொண்ணும் புதுசா வந்து கதவு தட்டிச்சு. யாருன்னு கேக்காம உள்ள விட முடியுமா?"

அமாவாசை என்ற சொல்லை அவர் தோண்டியது அந்த ஓட்டுநருக்காகத்தான். மாதந்தோறும் அமாவாசையன்று ஓட்டுநர் ஜீப்பைக் கழுவி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வாசலில் பூசணிக்காய் உடைப்பார். அரசு வாகனத்துக்கு இப்படிச் செய்ய விதி கிடையாது; தடையும் கிடையாது. ஒரு முறை பூசணிக்காய் சிதறிய கையோடு இவர் போய் நின்றுகொண்டார். அமா என்றால் 'கூட' என்று அர்த்தம், பழைய வடமொழியில் 'வீட்டில்' என்றும் வரும், வாசம் என்றால் குடியிருப்பது, சூரியனும் சந்திரனும் அன்று ஒரே வீட்டில் சேர்ந்து தங்குகிறார்கள், அவ்வளவுதான் அந்தச் சொல் என்றார்.

"புருசன் பொண்டாட்டியாங்க?" என்றார் ஓட்டுநர்.

"யாராவோ இருக்கட்டும். அந்த வார்த்தையில இருட்டுங்கறதே இல்ல பாருங்க. அவங்க ரெண்டு பேரும் உள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டாங்க. வெளிய நிக்கிறவங்களுக்குத்தான் இருட்டு."

ஓட்டுநர் சற்று யோசித்து, அப்படியானால் பூசணிக்காயை யாருக்காக உடைக்கிறோம் என்று கேட்டார். இவர் உள்ளே போய்விட்டார். அன்று முழுக்க மேசையைச் சுற்றி வந்தார்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஓராண்டு இருக்கும்போது அந்தப் பெண்ணின் மனு வந்தது. சித்தேரிக்குப் போகும் மலைப்பாதையிலிருந்து பிரிந்து போனால் வரும் ஒரு சிற்றூர். பெண் செவிலியர் உதவியாளர் பயிற்சிக்கு விண்ணப்பித்து இடமும் கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் முதல் தேதியில் பதினேழு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பள்ளிச் சான்றிதழ்ப்படி நிறைந்திருந்தது. ஆனால் அதே ஊரிலிருந்து விண்ணப்பித்த மூன்று பெண்களுக்கும் பிறந்த தேதி ஒன்றாக இருந்ததைப் பயிற்சி நிறுவனத்தில் யாரோ கவனித்துவிட்டார்கள்.

இதில் மர்மம் எதுவும் இல்லை. அவர்கள் பள்ளியில் சேர்ந்த வருடம் ஜூன் மாதம் மலையேறிப் போன ஆசிரியர் ஒருவர், சேர வந்த பதினொரு பிள்ளைகளுக்கும் ஒரே தேதியை எழுதிவிட்டு இறங்கியிருக்கிறார். ஐந்து வயது நிறைந்த மாதிரிக் கணக்குச் சரியாக வரும் ஒரு தேதி. ஏட்டின்படி அந்தச் சிற்றூரில் ஒரே நாளில் பதினொரு பிரசவம். அதை இத்தனை ஆண்டுகளாக ஆய்வு செய்த எல்லோரும் பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

பிறப்புச் சான்று கொண்டு வா என்று நிறுவனம் சொல்லிவிட்டது. மற்ற இரண்டு பெண்களுக்கு, அப்போது மலைக்கு வந்துபோன அரசு நர்சம்மாவின் பழைய ஏட்டில் ஒரு வரி அகப்பட்டது. இந்தப் பெண் வீட்டில் பிறந்தவள். எந்த ஏட்டிலும் இல்லை. பதிவு இல்லை என்று ஒரு சான்று, கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை, அக்கம்பக்கத்தார் வாக்குமூலம், எங்கள் பரிந்துரை, பிறகு கோட்டாட்சியர் ஆணை. வழி எனக்கு மனப்பாடம். நினைத்தால் பத்து நாளில் முடித்துவிடலாம்.

தாயின் வாக்குமூலத்தில் 'ஆடி அமாவாசையன்று காலை' என்று இருந்தது. ஆண்டும் தெளிவாக இருந்தது. நான் கைப்பேசியில் பார்த்தேன். அந்த வருட ஆடியில் இரண்டாம் தேதி அமாவாசை. ஆங்கிலக் கணக்கில் ஜூலை நடுப்பகுதி. பெண்ணுக்கு வயது தாராளமாக நிறைகிறது. வரைவு எழுதுங்கள் என்று கோப்பை அவரிடம் அனுப்பினேன்.

மறுநாள் கோப்பு வரவில்லை. அவர் வந்தார். கையில் கடைத்தெருவில் யாரிடமோ கேட்டு வாங்கிய அந்த வருடத்துப் பஞ்சாங்கம், அட்டை இல்லை. ஆடி மாதத்தைத் திறந்து விரலை வைத்தார். இரண்டாம் தேதி ஓர் அமாவாசை. முப்பத்தொன்றாம் தேதி இன்னொன்று.

"ஆடிங்கறது சூரியனோட கணக்குங்க சார். அமாவாசை அவங்க ரெண்டு பேரும் சேர்ற கணக்கு. மாசம் நீளமா இருந்தா ரெண்டு தடவ சேர்ந்துடறாங்க. இதுல எதுங்க?"

முதலாவது என்றேன். ஏன் என்றார். அதுதான் முதலில் வருகிறது என்றேன். கோட்டாட்சியர் எத்தனை அமாவாசை என்று கேட்கப்போவதில்லை, வாக்குமூலத்தில் ஒன்றுதான் இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டியபடி நின்றார். அவர் தலையை ஆட்டினால் ஒப்புக்கொண்டார் என்று அர்த்தமில்லை. இரண்டு அமாவாசைக்கும் நடுவில் ஆடிப் பதினெட்டு வருகிறது, அதை வைத்துத் தாயிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்துவிடும் என்று குறிப்பு எழுதிக் கோப்பில் சேர்த்துவிட்டார். குறிப்பு கோப்பில் ஏறிவிட்டால் நேரில் விசாரிக்காமல் இருக்க முடியாது. அந்த அளவுக்கு நடைமுறை அவருக்கும் தெரிந்திருந்தது.

மூன்று பேரும் ஜீப்பில் போனோம். கொண்டைஊசி வளைவுகளில் ஓட்டுநர் பாதையை மட்டும் பார்த்து ஓட்டினார். இவர் பின்னிருக்கையில் அந்த அட்டையில்லாப் பஞ்சாங்கத்தை மடியில் வைத்து, திறப்பதும் மூடுவதுமாக வந்தார். எனக்குத் தலை வலித்தது.

தாய் களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். பெண் வெளியே வந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த சான்றிதழ்களை நாங்கள் கேட்கும் முன்பே நீட்டினாள். நகலுக்கு நகல் எடுத்து வைத்திருந்தாள். இரண்டு அமாவாசை இருக்கிறது என்று இவர் அவளுக்கும் சொன்னார். மறைக்க அவருக்குத் தெரியாது. அவள் உடனே புரிந்துகொண்டாள்.

"எந்த அமாவாசைங்க சார் நல்லது?"

அவர் பஞ்சாங்கத்தைப் பார்த்தார்.  பிறகு தாயின் பக்கம் திரும்பி, பெண் பிறந்த வருடம் ஆடிப் பதினெட்டுக்கு எங்கே இருந்தீர்கள் என்று மட்டும் கேட்டார்.

நான் குறுக்கே புகுந்தேன். கைக்குழந்தையோடு ஆற்றுக்குப் போக முடியாமல் வீட்டிலேயே இருந்திருப்பாய், நன்றாக யோசித்துச் சொல்லம்மா என்றேன். அதற்குமேல் ஓர் அதிகாரி எவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியும்? அவள் முறத்தைக் கீழே வைத்தாள். பெற்றவளிடம் போய் இதை யோசிக்கச் சொல்கிறாரே என்பது போல என்னைப் பார்த்தாள்.

"இதுல யோசிக்க என்னங்க இருக்குது. எல்லாரும் கீழ ஆத்துக்குப் போனாங்க. நான் போவல. வயித்தத் தூக்கிக்கிட்டு எறங்க முடியல. தனியா ஒக்காந்து இந்தச் சாமையத்தான் குத்துனேன். அதுக்கப்புறந்தான் இவ பொறந்தா."

பெண் தாயின் முழங்கையைப் பிடித்தாள். காலம் கடந்துவிட்டது. அவர் எழுதத் தொடங்கியிருந்தார். எழுதி முடித்துத் தாய்க்குப் படித்துக் காட்டினார். தாய் சரியென்று கைநாட்டு வைத்தாள். ஆடி முப்பத்தொன்று. ஆகஸ்ட் நடுப்பகுதி. பதினேழு நிறைவதற்குப் பதினைந்து நாள் குறைகிறது.

இறங்கும்போது, எத்தனை அமாவாசை என்று உலகத்தில் யாரும் கேட்கவில்லையே என்றேன்.

"நம்ம கேட்டுட்டமேங்க சார்" என்றார் அவர்.

ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். ஒரு கீழ்நிலைப் பணியாளர் ஓட்டுநரின் முன்னால் என்னை வாயடைக்க வைத்துவிட்டார் என்பதுதான் அப்போது எனக்குப் பெரிதாகப் பட்டது. பதினைந்து நாளில் ஒரு பெண்ணின் இடம் போவது இரண்டாவதாகத்தான் பட்டது.

சான்று கிடைத்தது. நிறுவனம் விண்ணப்பத்தை நிராகரித்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு பெண் தனியாகப் பேருந்தில் இறங்கி வந்து அவர் மேசையில் வைத்தாள். அழவில்லை. இனி என்ன செய்வது என்று கேட்டாள்.

இங்கே நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பயிற்சி நிறுவனத்தின் விளக்கக் குறிப்பேட்டில், பின்பக்கம், சிறிய எழுத்தில் ஒன்பதாவது பத்தி இருக்கிறது. மலைவாழ் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வயதில் மூன்று மாதம் வரை தளர்வு கொடுக்கலாம். நிராகரிப்புக் கடிதம் வந்த பத்து நாளுக்குள் வட்டாட்சியரின் பரிந்துரையோடு மனுச் செய்ய வேண்டும். ஒரு பக்கப் பரிந்துரை. முன்பு வேறோர் அலுவலகத்தில் நானே இரண்டு பேருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன், இரண்டும் கிடைத்தது. அந்தப் பெண்ணிடம் குறிப்பேடு இல்லை. இணையச் சேவை மையத்தில் படிவத்தை மட்டும் எடுத்துக் கொடுத்திருந்தார்கள்.

கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன்.

அவர் கேட்கவில்லை. என்னிடம் அவர் கேட்டதெல்லாம் சொற்கள், வழி கேட்டதில்லை. கேட்கட்டும், என் அறைக்கு வந்து, சார் எனக்குத் தெரியவில்லை என்று ஒரு முறை சொல்லட்டும், உடனே எழுதிக் கொடுத்துவிடுவோம் என்று உட்கார்ந்திருந்தேன். அவரோ விடுப்புப் போட்டுவிட்டு இரண்டு முறை தருமபுரிக்குப் போனார். யார் யாருக்கோ தொலைபேசியில் பேசினார். நிறுவனத்துக்குக் கருணை கேட்டு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். அதில் அமாவாசை என்ற சொல்லுக்கு விளக்கம் இருந்தது என்று தட்டச்சர் சொன்னார். எந்த விதி என்று குறிப்பிடாத கடிதத்தை எந்த அலுவலகமும் படிக்காது. இதையும் நான் சொல்லியிருக்கலாம்.

பத்து நாளும் அவர் நடந்துகொண்டே இருந்தார். என் அறையின் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. அந்த ஒன்பதாவது பத்தியும் நானும் உள்ளே இருந்தோம். அவருடைய செருப்புச் சத்தம் வெளியே போவதும் வருவதுமாகக் கேட்டது. ஏழாம் நாள் கதவைத் திறந்து தலையை நீட்டினார். என்ன என்றேன். பேனா எதையாவது இங்கே விட்டேனா என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டு பேனாவும் அவர் சட்டைப் பையில்தான் இருந்தன. அப்போதாவது கூப்பிட்டிருக்கலாம். பதினோராம் நாள் அவர் நடக்கவில்லை. நாற்காலியிலிருந்த கோப்புகளைத் தரையில் இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஆண்டு அந்தப் பெண் மீண்டும் விண்ணப்பித்திருக்கலாம். விதி அதற்குத் தடையில்லை. ஆனால் தை பிறந்ததும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள் என்று ஓட்டுநர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. என் காதில் விழட்டும் என்றுதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

இப்போது அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். அமாவாசை தவறாமல் எதிரே லாரிப் பட்டறைக்காரர்கள் பூசணிக்காய் உடைக்கிறார்கள். அன்று எனக்கு நாளிதழ் படிக்க ஓடாது. எழுந்து உள்ளே போவேன், வெளியே வருவேன். சர்க்கரைக்காக நடக்கிறேன் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கையில் அவருக்கு மாறுதல் வந்தது. கேட்டு வாங்கியது என்றார்கள். பொறுப்புகளை ஒப்படைக்கும் பட்டியலைத் தானே எழுதியிருந்தார்: கோப்புகள், பதிவேடுகள், முத்திரைகள், ஒரு துளையிடும் கருவி. சரிபார்த்துக் கையெழுத்திட்டேன். கிளம்பாமல் நின்றார். பைக்குள்ளிருந்து அந்தப் பயிற்சி நிறுவனத்தின் குறிப்பேட்டை எடுத்து, பின்பக்கத்தை மடித்து, என் முன்னால் வைத்தார். ஒன்பதாவது பத்திக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தது.

"இது உங்களுக்குத் தெரியுமாங்க சார்?"

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தேன். முதல் முறை படிக்கிறவன் எவ்வளவு நேரம் படிப்பானோ அவ்வளவு நேரம் படித்தேன்.

"தெரியாது" என்றேன்.

பணியில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு விதியைப் பற்றி நான் அப்படிச் சொன்னதில்லை. அது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். யார் எந்தச் சொல்லைச் சொன்னாலும் அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறவர், அன்று அதைக் கேட்கவில்லை. "சரிங்க சார்" என்று கைகூப்பிவிட்டுப் போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

குறிப்பேட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். ஒப்படைப்புப் பட்டியலில் அது இல்லை. பட்டியலில் இல்லாத பொருளைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துத் தேவையில்லை, நடைமுறை அதுதான். நானும் எங்கும் கையெழுத்திடவில்லை. குறிப்பேடு என் வீட்டில் இருக்கிறது.